திரையில் கெசியா

சித்தூரில், ஞாயிறு ஆராதனைக்குக் கூடிய சபைக்கு முன்னால், வெள்ளைத் திரையில் பாட்டு வரவில்லை. 'கெசியா' என்ற பெயரும் அதன் கீழே பாஸ்வேர்டு கேட்கும் கட்டமும் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. லேப்டாப்பின் முன்னால் அவள் அண்ணன் பென்னிக்கு வியர்த்து ஊற்றுகிறது. ஜன்னல் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. வீட்டுக்கு ஒரே லேப்டாப். அதில் இரண்டு சிஸ்டம்: சபைப் பாட்டுகள் இருக்கும் விண்டோஸ் அவனுக்கு, லினக்ஸ் அவளுக்கு. போன வாரம் கேமுக்கு இடம் பத்தவில்லை என்று, ஒரு வார்த்தை கேட்காமல், அவள் லினக்ஸை அழித்துவிட்டான். அவளுடைய கடைசி வருட ப்ராஜெக்டும் அதோடு போனது. "திரும்ப செஞ்சிக்கோ, அதுக்கின்னா இப்போ" என்றான், பப்ஸைத் துன்னுக்கினே. நேற்று அவள் லினக்ஸை மறுபடி ஏற்றினாள். இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் மெனுவை மறைத்து, லேப்டாப்பைத் திறந்ததும் தன்னுடையதே வரும்படி வைத்தாள்.

ஆர்மோனியம் முதல் சுரத்தையே இழுத்துக்கொண்டிருக்கிறது. பென்னி வெறுங்காலோடு பெண்கள் பக்கம் வந்து குனிகிறான்.

"பாஸ்வேர்டு சொல்லுடி. எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க."

"பாக்கட்டும். உன்னுது எதுவும் அழியல, உள்ளதான் கீது."

"நைனா என்னைக் கொன்னுடுவாரு, கெசி."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொள்கிறாள். பாஸ்டர் இருமிவிட்டு, பாட்டு வரும்வரை பரமண்டல ஜெபம் சொல்வோம் என்கிறார். எல்லாரும் கண்களை மூடுகிறார்கள். கெசியாவும் கணீரென்று சொல்லிக்கொண்டு வருகிறாள். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற அடி வந்ததும் வாயை மூடிக்கொண்டு, கண்களைத் திறந்து, அண்ணனைப் பார்க்கிறாள்.