ரானோவின் பல்

சோடா உப்பு, கரித்தூள், பல்லில் ஒட்டும் பட்டை என்று தாஷ்கண்டில் கிடைக்கும் அத்தனையையும் மவ்லுதா போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஈறு எரிந்ததுதான் மிச்சம். தேநீர்க் கறை போனபாடில்லை.

ஓரகத்தி ரானோவோ நேற்று கிளினிக்குக்குப் போய் வந்தாள், இன்று பளிச்சென்று நிற்கிறாள். அதுவும் மவ்லுதாவின் மகள் முனிஸாவைப் பெண் கேட்டு வருகிற நாளில்!

“சோடாவெல்லாம் சும்மா அக்கா. பட்டை கொஞ்சம் தேவலை. இந்த லேசர்தான் ஒரே மணி நேரத்துல வேலையை முடிச்சிடுச்சு. ஆனா ஒரு வாரம் டீ, பீட்ரூட், செர்ரி எதையும் தொடக்கூடாதாம். கறை அப்படியே பிடிச்சுக்குமாம்.”

மவ்லுதாவுக்கு வயிறு எரிந்தது. பெண்ணைப் பெற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளாம், இவள் மட்டும் ஈ என்று இளித்துக்கொண்டு நிற்பாளாமே!

பையனின் அம்மா தங்கப்பல் மின்னச் சிரித்தபடி வந்து உட்கார்ந்தாள். தேநீர் ஊற்றியதும், மவ்லுதா செர்ரி ஜாம் கிண்ணத்தை ரானோவின் முன்னால் நகர்த்தினாள்.

“முனிஸாவே கிளறினது. முதல்ல சித்தி சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.”

எல்லோரும் ரானோவைப் பார்த்தார்கள். முனிஸா விரலைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ரானோ கரண்டி நிறைய எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“அடடா! இந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும்?” என்றபடி இன்னொரு கரண்டியும் எடுத்தாள்.

பையனின் அம்மாவும் ஆசையாகக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். கிளம்பும் முன் வழக்கப்படி ரொட்டியை உடைத்து, சம்பந்தத்தை உறுதி செய்துவிட்டுத்தான் போனாள்.

ரானோவின் பல் வரிசையெல்லாம் செர்ரிச் சிவப்பு. மவ்லுதாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

“டாக்டர் சொன்னது மறந்துபோச்சா ரானோ?”

“மறக்கல அக்கா. சித்தியே தொடலைன்னா அந்தம்மா என்ன நினைப்பாங்க? பல்லு கிடக்கு, நம்ம பொண்ணு முகம் வாடலாமா?”

ரானோ அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்குக் காலையில உங்களுக்கு அந்த டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். கல்யாணத்துல பொண்ணோட அம்மா வாயைப் பொத்திக்கிட்டா நிக்கிறது? உங்களுக்குப் பல் கூசுமேன்னுதான் முதல்ல நான் செஞ்சு பார்த்தேன். வலிக்கவே இல்ல.”

மவ்லுதா காலிக் கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ரானோ திரும்பிச் சிரித்தாள்.

“ஒரு வாரத்துக்கு செர்ரியை மட்டும் தொட்டுடாதீங்க அக்கா. யாரு எவ்வளவு ஆசையா நீட்டினாலும் சரி.”