பேய்க்கணவாய்க்குத் தெரிந்த கை

ஓர் உயிரைக் காப்பதற்கு அதற்கு முதுகெலும்பு உண்டா இல்லையா என்று இப்போது யாரும் பார்ப்பதில்லை. பிடித்தவரை அடையாளம் கண்டுகொள்ளும் எந்த உயிரையும் விற்கக் கூடாது, கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதுதான் சட்டம். அதனால் தூத்துக்குடியில் எல்லோரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார்கள்.

அன்று சில்வேராவின் வலையில் விழுந்தது ஒரே ஒரு பேய்க்கணவாய். ஏலக்கூடத்தின் கண்ணாடித் தொட்டியில் எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு கிடந்தது. சோதனை அலுவலர் கோமதி சில்வேராவோடு வேறு மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தினார். அது முகம் முகமாகப் பார்த்தது. தெரிந்த முகமென்றால் நிறம் மாறும்; மாறவில்லை.

"தேறிட்டுல்லா? ஏலத்துல போடலாமா?" என்றார் சில்வேரா.

"இன்னையில இருந்து புதுசா ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. எல்லாரும் தண்ணிக்குள்ள கைய விடுங்க."

கணவாய் ஒவ்வொரு கையாகத் தடவிக்கொண்டே வந்தது. சில்வேராவின் கையைத் தொட்டதும் உடம்பு முழுக்க வெளுத்துப்போனது.

"அதுக்கு நாக்கு கையிலதான் இருக்கு. மொகத்த மூடுனிய, கைய மூடலையே!" என்றார் கோமதி.

வலையிலிருந்து பிரித்தபோது அது தன் கையை விடாமல் பற்றியிருந்தது சில்வேராவுக்கு நினைவு வந்தது. அப்போது திமிறுகிறது என்றுதான் நினைத்திருந்தார்.

கணவாயைக் கடலில் விட்டார். பிறகு, யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்துத் தன் உள்ளங்கையை நக்கிப் பார்த்தார். உப்பு மட்டும்தான் கரித்தது.