தேயாத தடி

ஓட்டுரிமை கேட்டுச் சதுக்கத்தில் கூடிய ஜனங்கள் அடிபட்டு ஓடியபோது விட்டுப்போன செருப்புகளையெல்லாம் பொறுக்கி, ஒரு சிற்பி நினைவு மண்டபத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவற்றில் வார் அறுந்த ஒரு ரப்பர் செருப்புக்கு, யாரோ புதிதாகப் பக்கத்தில் கொண்டுவந்து மாட்டிய மூங்கில் தடியைக் கண்டாலே ஆகவில்லை.

"நானும் அன்னைக்குச் சதுக்கத்துலதான் இருந்தேன். ஒரு பெரியவரோட ஊன்றுகோல்" என்று குழைந்தது தடி.

"ஊன்றி நடந்திருந்தா அடி தேய்ஞ்சிருக்கணுமே! தேய்மானம் எனக்குத் தெரியாதா? உனக்கு அடி அப்படியே இருக்கு, உடம்பெல்லாம் விரிசல்."

"பழசைக் கிளறாதே. வர்றவங்க நம்ம ரெண்டு பேரையும்தானே கும்பிடுறாங்க?"

அதென்னவோ உண்மைதான். செருப்புக்குத் தன் சந்தேகத்தின் மேலேயே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

போராட்ட நினைவு நாளன்று, மண்டப வாசலில் வேறொரு கூட்டம் வந்து நியாயம் கேட்டுக் கோஷம் போட்டது. காவலர் ஒருவர் உள்ளே ஓடிவந்து சுற்றுமுற்றும் பார்த்தார், தடியைக் கழற்றினார். பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் அது அவர் கையில் பாந்தமாக உட்கார்ந்தது.

"இரு, வந்துடறேன்" என்றது செருப்பிடம்.

சொன்னபடியே சாயங்காலம் திரும்பி வந்தது. கூடவே, தொங்கவிடுவதற்கு ஏழு புதுச் செருப்புகளும் வந்தன.