கல்யாணத்துக்குக் கோணல் தட்டு

"ஐயோ, அதைத் தொடாதீங்க! அது விக்கிறதுக்கு இல்ல" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தாள் யகோதா.

கையிலெடுத்த மண் தட்டை வாலென்டி கீழே வைக்கவில்லை. "வெளிய போர்டு தொங்குது. உள்ள அலமாரி நிறைய தட்டு. எதைக் கேட்டாலும் விக்கிறதுக்கு இல்லன்னா, இது கடையா மியூசியமாம்மா?"

"விளிம்பைப் பாருங்க, கோணல்."

"சரி, அது?"

"அதுல பூச்சு வழிஞ்சிருக்கு."

"அந்த ஓரத்துல இருக்கிறது?"

"அதுல என்ன தப்புன்னு இன்னும் கண்டுபிடிக்கல. அதான் பயமா இருக்கு."

ஜன்னலோரம் உட்கார்ந்து கசகசா கேக் தின்றுகொண்டிருந்த ஒடிலியா சிரித்துவிட்டாள். அவள் யகோதாவின் நாத்தனார். உள்ளூர்க்காரரான வாலென்டியை இங்கே கூட்டிவந்ததே அவள்தான்.

போலந்தின் கிழக்கே லுப்ளின் பக்கத்திலிருந்து, மேற்கே போஸ்னானுக்கு அருகேயுள்ள இந்தச் சின்ன ஊருக்கு யகோதா வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்ததும் கிடைத்த தபால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இந்த மண்பாண்டக் கடையைத் திறந்தாள். திறந்த நாளிலிருந்து ஒரு கிண்ணம்கூட வாசலைத் தாண்டியதில்லை. சூளையிலிருந்து எடுப்பதையெல்லாம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஏதாவது குறை கண்ணில் படும். உடனே அந்தப் பாத்திரம் அலமாரிக்குப் போய்விடும்.

தபால் ஆபீஸில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். இன்று மாலைக்குள் பதில் சொல்லவேண்டும். அதற்குள் ஒரு பொருளாவது விற்றால் கடை இருக்கும், இல்லையென்றால் பூட்டு. இதை அவளே முடிவு செய்து, அவளே பயந்துகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எதுக்கு இவ்வளவு தட்டு?" என்று கேட்டாள்.

"நாளைக்கு எங்க அண்ணன் பையனுக்குக் கல்யாணம். இருக்கிற தட்டெல்லாம் வேணும்."

யகோதா தட்டைப் பிடுங்கப் பார்த்தாள். "கல்யாணத்துக்கா! அப்ப முடியவே முடியாது. நாலு பேர் கையில எடுத்துப் பாப்பாங்களே!"

"எங்க பாக்கறது? எடுத்தா ஒரு நொடி. அவ்வளவுதான்."

"உள்ளுக்குள்ள விரிசல்கூட இருக்கலாம்."

"இருந்தா ரொம்ப நல்லதாப் போச்சு."

எவ்வளவு பெரிய மனசு என்று யகோதா வியந்தாள். வாலென்டி தட்டை விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். "சத்தம் நல்லாத்தான் வரும்போல" என்றார்.

தொழில் தெரிந்தவர்! அவளுக்குப் பயம் இரண்டு மடங்கானது. "ஒரு வாரம் டைம் குடுங்க. புதுசா, நல்லதா செஞ்சு தர்றேன்."

"நல்லது வேணும்னா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

ஒடிலியாவுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணி, மனுஷன் கோணல் தட்டுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். குடுத்துத் தொலைங்களேன். இல்ல, தபால் ஆபீஸுக்கே போய் முத்திரை குத்துங்க. அங்கயும் முத்திரை கோணலா விழுந்திருச்சுன்னு ஊர்க் கடுதாசியெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருவீங்க."

"சிரிக்காத ஒடிலியா. இதைப் பாத்து ஊர் என்ன சொல்லும்?"

"கைதட்டும், அண்ணி. சத்தியமா."

யகோதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கண்களை மூடினாள். "எடுத்துட்டுப் போங்க. நான் பாக்கல."

முதுகுக்குப் பின்னால் தட்டுகள் பெட்டிக்குள் தடதடவென்று விழுந்தன. "வைக்கோல் வச்சுக் கட்டித் தரட்டுமா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா வீண் வேலை?"

பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். ஒரே ஒரு தட்டையாவது திரும்ப வாங்கிவிடலாம் என்று யகோதா தெருமுனை வரை ஓடினாள். வண்டி போய்விட்டிருந்தது.

திரும்பிவந்து காலி அலமாரியைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது பசிதான். நாத்தனார் மிச்சம் வைத்த கேக்கை முழுவதும் தின்றாள். பிறகு தபால் ஆபீஸுக்குப் போன் செய்து, "நான் வரல. கடையில வேலை இருக்கு" என்றாள். சொல்லி முடித்ததும் அடுத்த தட்டுக்கு மண்ணைப் பிசைய உட்கார்ந்தாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் அதே வண்டி வாசலில் வந்து நின்றது.

வாலென்டி இறங்கினார். சட்டையெல்லாம் வியர்வை. கையில் அவளுடைய தட்டு ஒன்று. யகோதா மண் கையோடு எழுந்தாள். கடையின் முதல் வாடிக்கையாளர், முதல் புகார்.

"என்ன குறை? விளிம்பா? பூச்சா? தாங்கிக்கிறேன், சொல்லுங்க."

"எப்படிச் சொல்றதுன்னே தெரியல. சம்பந்தி வீட்டு முன்னாடி என் மானமே போச்சும்மா."

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். தபால் ஆபீஸை இப்போது திரும்பக் கூப்பிட்டால் எடுப்பார்களா?

ஒடிலியா வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள்.

"கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பொண்ணு வீட்டு வாசல்ல பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறதுதானே எங்க ஊர் வழக்கம்? சில்லு நிறைய விழுந்தா ஜோடிக்கு நல்லதும்பாங்க. அடுத்தவங்க கொண்டுவந்ததெல்லாம் தூள் தூளாயிருச்சு. உங்க தட்டு மட்டும் எவ்வளவு ஓங்கிப் போட்டாலும் உருண்டு வந்து என் கால்கிட்டயே நிக்குது! இதைவிட மோசமா செஞ்சது ஏதாவது இருந்தா குடும்மா, அவசரம்."

யகோதா தட்டை வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"மன்னிக்கணும்" என்றாள், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து. "இதைவிட மோசமா எங்க கடையில எதுவும் கிடைக்காது."