இருநூற்றுப் பதின்மூன்றாம் தாள்

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில், உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எழிலரசியின் வேலை. 2009 ஜனவரியில் ஒருநாள், பீரோவிலிருந்து எடுத்த காட்டுச் சுக்கான் செடித் தாள்களின் கட்டைப் பிரித்தாள். எல்லாம் அவள் அண்ணன் செம்பியன் சேகரித்தவை. இருநூற்றுப் பன்னிரண்டாம் தாளில், பிச்சாவரம், 2004 டிசம்பர் 25 என்று எழுதியிருந்தான். மறுநாள் காலை கடல் அவனைக் கொண்டுபோயிற்று. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. எண் 213. திருவந்திபுரம், கெடிலக் கரை. தேதி, போன வெள்ளிக்கிழமை. கையெழுத்து அண்ணனுடையது.

"இதை யார் சார் வச்சது?"

பொறுப்பாளர் உத்திராபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அந்த பீரோவ நாலு வருஷத்துக்கப்புறம் இன்னைக்குத்தானம்மா தொறந்தேன். சாவி எங்கிட்டல்ல இருக்கு."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, திருவந்திபுரம் போகக் கடலூர் பஸ் ஏறினாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

கெடிலக் கரையில் சுக்கான் புதராக மண்டியிருந்தது. ஒரு தண்டு மட்டும் அறுபட்டு, வெட்டுவாயில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"எழிலரசிங்கறது நீங்கதானா? இப்பதான் ஒருத்தரு செடி அறுத்துக்கினு போனாரு. எந் தங்கச்சி வரும், இங்கயே நிக்கச் சொல்லுங்கன்னாரு."

எழிலரசி நின்றாள். அந்தப் பெண் துணியை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். வெயில் தாழ்ந்தது. அண்ணா என்று ஒருமுறை கூப்பிட வாயெடுத்து, மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் பதில் வந்துவிடுமோ என்று இருந்தது.