உள்ளே ஆள் இருக்கா?

“ஜெபஷீலாம்மா, குளிர் ரூம் கதவைத் தெறங்க! உள்ள சுருளி மாட்டிக்கிட்டான்!”

மூச்சிரைக்க ஆபீசுக்குள் ஓடிவந்தான் செல்லப்பாண்டி. மார்க்கையன்கோட்டைச் சாலையில் இருக்கும் அந்தத் திராட்சைக் கிடங்கில் அவன் லோடுமேன்.

ஜெபஷீலா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “உள்ள யாருமில்லைன்னு காட்டுதேண்ணே. எல்லாரும் டீக்குப் போனதா கார்டு தேச்சிருக்கே.”

“தேச்சது நாந்தாம்மா.”

சட்டைப்பையிலிருந்த கார்டுக் கொத்தைத் தொட்டுக் காட்டினான்.

கேட், எடைமேடை, குளிர் அறை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர். போன மாதம்தான் அவற்றை ஒன்றோடொன்று பேச வைத்திருந்தார்கள். குளிர் அறை, ‘உள்ளே ஆள் இருக்கா?’ என்று கேட்டிலுள்ள கம்ப்யூட்டரிடம் விசாரிக்கும். ‘இல்லை’ என்று பதில் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். அதன்பின் உள்பக்கக் கைப்பிடியும் அசையாது.

அவரவர் கார்டை அவரவர்தான் தேய்க்க வேண்டும் என்பது சட்டம். யார் கேட்டார்கள்? கார்டுகளைக் குளிர் அறைக் கதவோர ஆணியில் மாட்டிவிடுவார்கள். டீ நேரத்தில் யாராவது ஒருத்தர் கொத்தாக அள்ளிப்போய்த் தேய்த்துவிடுவார். இன்றைக்கு செல்லப்பாண்டி.

“டீக்கடையில அவனைக் காணோம்மா. திரும்பி வந்தா, உள்ள இருந்து தட்டுற சத்தம் கேக்குது. புள்ளகுட்டிக்காரன்மா!”

“நாம எதையும் தொட முடியாதுண்ணே. மேனேஜர் வினோத்ராஜ் சார் உத்தரவு குடுத்தாத்தான் தெறக்கும். கார்டு வெசயமாத்தான காலையில வந்து அம்புட்டுப் பேரையும் வஞ்சாக?”

“அவுகளுக்கே போனைப் போடுங்க!”

போட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். “லைன் கிடைக்கலண்ணே.”

“அப்பக் கடப்பாரைதான். வேலை போனாப் போகட்டும்!”

குளிர் அறைக்கு ஓடினான். தட்டும் சத்தம் மெலிந்துபோயிருந்தது. கதவிடுக்கில் கடப்பாரையைச் செருகி நெம்பினான்.

“ஏலே சுருளி, வந்துட்டேன்டா! கண்ணை மூடிராத!”

“என்னையவா கூப்பிட்டீக?”

பின்னால் வடைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தான் சுருளி. “பைபாஸ் கடையில இப்பத்தாண்ணே சூடாப் போட்டான்.”

உள்ளேயிருந்து மறுபடியும் தட்டல்.

செல்லப்பாண்டி சட்டைப்பையிலிருந்த கார்டுக் கொத்தை எடுத்துப் புரட்டினான். சுருளி, முத்துராஜா, நல்லகண்ணு... எல்லாரும் வெளியேதான் நின்றார்கள்.

கடைசிக் கார்டில், டை கட்டிய போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தார் வினோத்ராஜ் சார்.