மெஷின் சொன்ன நல்ல சேதி

“அம்மாடி! கை முறிஞ்சிரும் போல இருக்குங்க!” என்று பேச்சியம்மா கத்தினாள்.

டாக்டர் ஐயா மரியநாயகம் சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்த பட்டியை அவிழ்த்தார். தானாகவே காற்றடித்து, பிரஷர் பார்த்து, நம்பரையும் காட்டிவிடும் மெஷின் அது. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போன வாரம்தான் வந்திருந்தது.

“பாத்தியா, கொஞ்சம் இறுக்கும், அவ்வளவுதான். பயப்பட ஒண்ணுமில்ல” என்றார், கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த அவள் கணவனிடம்.

அழகுமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில் பேர்போன ஆள். இப்போதெல்லாம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஏறி வருவதற்குள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறான். வலது கால் பெருவிரலில் கத்தி பட்ட புண் மாதக்கணக்காக ஆறவில்லை. பல வருஷச் சீனி வியாதி வேறு; நரம்பை மரக்கவைத்து, ரத்தக்குழாயையும் இறுகவைக்கும் வியாதி.

சற்று முன்புதான் ஐயா அந்தப் பாதத்தில் விரல் வைத்து நாடி தேடினார். அகப்படவில்லை. “கீழ வரைக்கும் ரத்தம் வர்ற மாதிரித் தெரியல. இன்னைக்கே கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு” என்றார்.

பேச்சியம்மாவுக்கு உயிரே இல்லை. மேல் லயத்துச் சிவசாமியும் இப்படித்தான் கண்டிக்குப் போனான். திரும்பி வரும்போது ஒரு கால் முழங்காலோடு நின்றிருந்தது.

“ஐயா, அந்த மெஷின ஒரு தடவ கால்ல வெச்சுப் பாருங்க. கும்புட்டுக் கேக்குறேன்” என்று அவள் அழுதாள். ஐயாவால் மறுக்க முடியவில்லை. சிவசாமியை அனுப்பிவைத்ததும் அவர்தான். அழகுமுத்து பயப்படக் கூடாதென்றுதான் முதலில் அவள் கையில் கட்டிக் காட்டினார்.

இப்போது ஐயா பட்டியோடு கால்மாட்டுக்குப் போக, அவள் போய்க் கணவனின் தலைமாட்டில் நின்றாள். “நீங்க அங்கிட்டுப் பாக்காதீங்க. என்னையவே பாருங்க” என்று அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“லெட்சுமி கல்யாணத்துக்குள்ள கால் சரியாயிட்டா போதும் புள்ள” என்றான் அழகுமுத்து. ஐயா கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டியைச் சுற்றிக் கட்டினார். மெஷின் உறுமியது. “பொண்ணு மாப்பிள்ளையோட தலவாக்கலை கோயிலுக்கு நடந்தே போயிட்டு வரணும். கார் எல்லாம் வேணாம்…” பட்டி உப்பி இறுகிப் பிறகு மெல்லத் தளரும்வரை அவன் பேச்சை நிறுத்தவேயில்லை.

சிவப்பு எண்கள் மின்னின. நூற்று நாற்பது.

ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காலையில் அவன் கையில் பாதரசக் குழாய் காட்டிய அளவுக்குக் கொஞ்சமும் குறைவில்லை. அவருக்கே நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது.

“கையில உள்ள அளவு கால்லயும் இருக்கு. ரத்தம் நல்லாத்தான் ஓடுது. இந்தக் குளிருக்கு என் வெரல்தான் மரத்துப்போயிருக்கணும். கண்டிக்கு வேணாம், இங்கயே மருந்து கட்டுவோம்.”

பேச்சியம்மா வாய்விட்டு அழுதாள். முந்தானையால் கணவனின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். “கேட்டீங்களா? கால எடுக்க வேணாமாம்! ஒண்ணுமே இல்லையாம்!”

அழகுமுத்து சிரிக்கவில்லை. அவள் முகத்தையும் ஐயாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்:

“எப்பங்க ஐயா கால்ல பட்டி கட்டுனீங்க?”